பத்துப் பேர் பணிக்குழு

உலகத்தில் எது நடந்தாலும் மன்றத்துக்கு அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்தைப் பற்றி மன்றத்துக்குள்ளேயே இன்னொரு கருத்து இருக்கும். இரண்டையும் தட்டச்சு செய்ய வேண்டியவள் தான்தான் என்பது வினுஷாவுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

தென்திசை முற்போக்கு யூத மன்றம் என்பது அதன் முழுப் பெயர். மெல்பேர்னில், கோல்ஃபீல்ட் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செங்கல் கட்டடம். மரபை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் யூதர்களுக்கு வேறு அமைப்புகள் உண்டு. இது மரபின் முடிச்சைச் சற்றே தளர்த்திக்கொண்டவர்களின் அமைப்பு. இங்கே பெண்ணும் மதகுரு ஆகலாம், ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், யாரும் யாரையும் எதற்காகவும் எதிர்க்கலாம். கடைசிச் சுதந்திரம்தான் அதிகம் பயன்பட்டது.

வாசலில் இரண்டு இரும்புக் கதவுகளும் ஒரு காவலாளியும் இருந்தார்கள். யூதக் கட்டடம் எதுவானாலும் இந்த ஊரில் இப்போது, தாக்குதல் பயத்தால், அப்படித்தான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. காவலாளி ராகவேந்திரா ஓசூரிலிருந்து முதுகலை படிக்க வந்தவன். உள்ளே போகிறவர்களை எண்ணி மேலதிகாரிக்குச் சொல்வது அவன் வேலை. பெரும்பாலான நாட்களில் அதற்கு ஒரு கை விரல்களே போதுமாக இருந்தன.

வினுஷாவின் பதவிக்குப் பெயர் ‘பொதுவாழ்வு அறிக்கைகள் ஒருங்கிணைப்பாளர்’. டண்டினொங்கில் அவள் அப்பா கோழி பதனிடும் ஆலையில் நின்றபடி வேலை செய்கிறார். அம்மா முதியோர் இல்லத்தில் குனிந்தபடி வேலை செய்கிறாள். அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் படித்த முதல் ஆள் இவள். நேர்முகத் தேர்வில் “உங்களுக்கு ஏன் இந்த வேலை வேண்டும்?” என்று கேட்டார்கள். “வேறு எங்கேயும் கிடைக்கவில்லை” என்றாள். நேர்மையைப் பாராட்டி ஐந்து பேர் தேர்வுசெய்தார்கள். ஆறாவது ஆள் அதை எதிர்த்துக் குறிப்பு எழுதிவைத்தார்.

அந்த ஆறாவது ஆள் லெனார்ட் ஹார்விட்ஸ், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் மன்றத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். யூதர்களின் பழைய சட்ட நூல்களில் வென்ற கருத்துக்குப் பக்கத்திலேயே தோற்ற கருத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். தோற்றவனின் பெயரைக்கூட அழிக்கவில்லை. முதல் தடவை கேட்டபோது வினுஷாவுக்கு மெய் சிலிர்த்தது. நம் சனமும் இப்படி எழுதிவைத்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்தாள். ஒரு மாதம் கழித்து, சூரிய மின்தகடுகளை ஆதரித்து மன்றம் வெளியிட்ட ஒரு பக்க அறிக்கையோடு லெனார்ட்டின் நான்கு பக்கச் சிறுபான்மைக் கருத்தையும், அந்தக் கருத்தை மறுத்து அவருடைய மனைவி ஃபிரீடா எழுதிய இரண்டு பக்கச் சிறுபான்மைக் கருத்தையும் தட்டச்சு செய்தபோது சிலிர்த்தது அடங்கிப்போயிற்று.

அறிக்கைகளுக்கு மூன்று படிகள் உண்டு. மன்றம் ஒன்றை ‘கவனிக்கும்’, அல்லது ‘கவலை கொள்ளும்’, அல்லது ‘ஆழ்ந்த கவலை கொள்ளும்’. எதற்கு எந்தப் படி என்பதைக் குழு முடிவு செய்யும். குயின்ஸ்லாந்து வெள்ளம் வெறும் கவலையோடு நின்றுவிட்டது. தெருமுனையில் இருந்த டிராம் நிறுத்தத்தை நகர்த்தியபோது கவலை ஆழமாயிற்று. அந்தக் கூட்டத்துக்கு எல்லோரும் அந்த டிராமில்தான் வந்திருந்தார்கள்.

எமில் வைன்ரப் அவள் மேசைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எண்பது தாண்டியவர். பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழிலாக இருந்ததால், பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தே பழகியவர்.

“நீதானே அறிக்கை எழுதுகிற பெண்?”

“ஆமாம்.”

“எனக்கு அறிக்கை வேண்டாம். பத்துப் பேர் வேண்டும்.”

அவருடைய மனைவி ஹெலா இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த நாளில் காதிஷ் சொல்ல வேண்டும். காதிஷ் என்பது இறந்தவருக்காக வீட்டார் எழுந்து நின்று சொல்லும் வேண்டுதல். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த யூதர்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும்.

“ஒன்பது பேர் வந்தால்?” என்று கேட்டாள்.

“ஒன்பது பேரும் நின்று சுவரைப் பார்க்கலாம்.”

“வீட்டிலேயே சொல்லிவிட்டால் கடவுள் கோபிப்பாரா?”

“கடவுளைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்த வேண்டுதலுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். என் வீட்டில் இருப்பது நானும் குளிர்பெட்டியும்.”

அவர் சொல்லாமல் விட்டதைக் காலையில் மன்றத்தைக் கூட்டிப் பெருக்க வருகிற, வினுஷா வீட்டுக்கும் பழக்கமான கிளமெண்ட்தான் பிறகு சொன்னார். ஹெலாவும் எமிலும் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மன்றத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் பிரார்த்தனைச் சபையில் இருந்தார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் காலையில் தொலைபேசியை எடுத்துப் பத்துப் பேரைச் சேர்ப்பது ஹெலாவின் வேலை. யாரும் அந்த வேலையை அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள். தூங்குகிறவனை எழுப்புவாள், காய்ச்சல்காரனைக் கம்பளியோடு வரச்சொல்லுவாள். பிறகு மன்றம் அந்தச் சபையை ‘மறுசீரமைப்பு’ செய்து பெரிய சபை ஒன்றோடு சேர்த்துக் கதவைப் பூட்டியது. பூட்டும்போது ஒரு தீர்மானமும் போட்டது: “இணைக்கப்பட்ட சபையினர் எவருக்கும் காதிஷ் சொல்ல ஆள் இல்லாமல் போகாது.”

வினுஷா பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள். தீர்மானம் இருந்தது. அதன் கீழே லெனார்ட்டின் சிறுபான்மைக் கருத்தும் இருந்தது. அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும். ஒரே சொல்: “போகும்.”

பத்துப் பேர் ஒரு பெரிய காரியமா என்றுதான் அவளும் நினைத்தாள். எல்லாச் சபைகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். பதினொரு பேர் இதயம் போட்டார்கள். நான்கு பேர் “அற்புதமான முயற்சி” என்றார்கள். ஒருவர் பிரிஸ்பேனிலிருந்து மனதளவில் வருவதாக எழுதினார்.

“மனதளவில் வருபவர் எண்ணிக்கையில் சேர்வாரா?” என்று எமிலிடம் கேட்டாள்.

“அவருடைய மனம் எந்த ரயிலில் வருகிறது என்று கேள்.”

எமில் எதற்கும் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாமென்று அடுத்த வியாழன் காலை வந்து மன்றத்தின் பிரார்த்தனைக் கூடத்தில் உட்கார்ந்தார். ஆள் வர வர விரலை நீட்டி எண்ணினார். எண்ணுவதிலும் ஒரு முறை இருந்தது. மனிதர்களை எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. அதனால் “ஒன்றல்ல, இரண்டல்ல” என்று எண்ணினார். அன்று மூன்றல்லவோடு நின்றுபோயிற்று. மூன்றல்லவும் சிட்னியிலிருந்து வந்து கழிப்பறைக்கு வழி தவறியவர்.

வினுஷா விஷயத்தை மன்றத் தலைவி டாக்டர் மார்கோ ஃபைன்மனிடம் கொண்டுபோனாள். மார்கோ நல்ல பெண்மணி. யார் துக்கம் சொன்னாலும் கண் கலங்கிவிடும். கலங்கிய கண்ணோடு அதை ஒரு தலைப்பாக மாற்றிவிடுவார்.

“வினுஷா, இதை நான் ஒரு தனிமனிதரின் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.”

“தனிமனிதரின் பிரச்சினைதான். ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.”

“நான் சொல்வது, இதை அத்தோடு குறுக்கிவிடக் கூடாது.”

அந்தச் சமயம் பார்த்து மாநில நாடாளுமன்றம் தனிமை பற்றி ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தது. மதங்கள் தனிமையை எப்படிப் போக்குகின்றன என்று எல்லோரிடமும் கேட்டிருந்தார்கள். மன்றம் ‘எவரும் தனியே அழுவதில்லை’ என்ற தலைப்பில் ஒரு பெரிய சமர்ப்பிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் எமில் அதில் ‘நான்காம் எடுத்துக்காட்டு: திரு. எ., தென்கிழக்கு’ ஆகிவிட்டார். அதே கையோடு, அவருக்கு ஆள் சேர்க்க ஒரு பணிக்குழுவும் அமைக்கப்பட்டது. பெயர், ‘பத்துப் பேர் பணிக்குழு’. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவது இடம் இளைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இளைஞர் யாரும் அகப்படவில்லை.

பணிக்குழு கூடியது. குறிப்பெடுக்க வினுஷா மூலையில் உட்கார்ந்தாள். மேசை நடுவில் பிஸ்கட் தட்டு. மார்கோ ஆரம்பித்தார்.

“நண்பர்களே, நம் மரபு ஒரு மகத்தான உண்மையைச் சொல்கிறது. துக்கப்படுகிறவனுக்குச் சமூகம் வேண்டும். இன்று நாம் அந்தச் சமூகத்தைக் கட்டப்போகிறோம். முதலில், சமூகம் என்றால் என்ன என்பதை வரையறுப்போம்.”

முதல் கூட்டம் அதோடு முடிந்தது. இரண்டாம் கூட்டத்தில் ‘பத்து’ என்றால் என்ன என்பதை எடுத்துக்கொண்டார்கள். பத்து என்பது ஒரு குறியீடுதானே என்றார் ஒருவர். குறியீடு என்றால் குறைந்தது ஏழாவது வேண்டும் என்றார் இன்னொருவர். திரையில் தெரிகிறவர்களைச் சேர்க்கலாமா, சேர்த்தால் ஒலியை அடைத்துவைத்திருப்பவர் சொல்லும் ஆமென் செல்லுமா என்று மூன்றாமவர் கேட்டார். லெனார்ட் எல்லாவற்றையும் எதிர்த்தார். ஃபிரீடா லெனார்ட்டை எதிர்த்தார்.

மூன்றாம் கூட்டத்தில் வினுஷாவையே எண்ணிவிடலாமா என்ற பேச்சு வந்தது.

“நம் முற்போக்கு விழுமியங்களுக்கு இது ஒரு வரலாற்றுத் தருணம்” என்றார் மார்கோ. “வினுஷா யூதர் அல்ல. ஆனால் நம்மில் ஒருவர். அவரை எண்ணாமல் விடுவது அவரைப் புண்படுத்தாதா?”

அவள் புண்படுவாளா மாட்டாளா என்று அவள் முன்னாலேயே நீண்ட நேரம் பேசினார்கள். எல்லாவற்றையும் அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ‘ஒருங்கிணைப்பாளரின் உணர்வுகள் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவியது’ என்ற வரியில் வந்து நின்றாள்.

லெனார்ட் கேட்டார்: “யாராவது அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வினுஷா மடிக்கணினியை மூடினாள்.

“என்னை எண்ண வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எண்ணினாலும் எமில் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்த மேசையில் நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். எமிலோடு பத்து. ஹெலாவின் நாள் வியாழக்கிழமை. அன்று காலை நீங்களே வந்தால் காரியம் முடிந்தது.”

பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

மார்கோ மிகுந்த கனிவோடு சொன்னார்: “அது நடைமுறைக் கேள்வி, வினுஷா. இது கொள்கைக் குழு.”

அதுவுமல்லாமல் அந்த வியாழக்கிழமை காலை யாராலும் வர முடியாது. தனிமை விசாரணைக் குழுவின் முன்னால் மன்றம் சாட்சியம் சொல்ல வேண்டிய நாள் அதுதான். ஒன்பது பேரும் தூதுக்குழுவாக நாடாளுமன்றம் போகிறார்கள்.

“முந்தின நாள் மாலை?” என்றாள். யூதர்களின் நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடுகிறது என்பதால் புதன் மாலையும் ஹெலாவின் நாள்தான் என்று எமில் சொல்லியிருந்தார்.

புதன் மாலை ஒருவருக்குப் பேத்தியின் வயலின் கச்சேரி. ஒருவருக்கு முதுகுப் பயிற்சி வகுப்பு. மூவருக்கு சர்வமத நல்லிணக்க இரவு உணவு. அதில் அவர்கள் விருந்தோம்பலைப் பற்றிப் பேச வேண்டும். மீதிப்பேர் நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். திரு. எ.யின் துக்கத்தில் மன்றம் ஆழ்ந்த கவலை கொள்கிறது என்ற தீர்மானத்தோடு கூட்டம் கலைந்தது. ‘ஆழ்ந்த’ என்ற சொல்லுக்கு லெனார்ட் எதிர்ப்புத் தெரிவித்தார்.

வெளியே எமில் இரும்புக் கதவருகே ராகவேந்திராவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை பேர்?” என்றார்.

“உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒன்பது பேர்.”

“வருகிறவர்கள்?”

அவள் கையை விரித்தாள். எமில் எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். “ஹெலா இருந்திருந்தால் இந்நேரம் தொலைபேசியை எடுத்திருப்பாள்” என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தார்.

“பாவங்க அந்த தாத்தா” என்றான் ராகவேந்திரா. “இந்த கேட்ல நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், பத்துப் பேரு சேந்தாப்ல வந்து பாத்ததே இல்லை. ஒரே ஒரு தடவ வந்தாங்க. அன்னைக்குக் கூட்டம்னா கூட்டம், ரெண்டாவது கேட்டையும் தெறந்துவிட்டேன்.”

“எதுக்கு?”

“பிஸ்கட்டுக்குங்க. மீட்டிங்ல பிஸ்கட் குடுக்கறத நிறுத்தப்போறோம்னு மெயில் போட்டாங்களாம். அத எதிர்க்கறதுக்கு வந்தாங்க.”

வினுஷா அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா அஞ்சலிதேவி வேலைச் சீருடையோடே குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பிள்ளை, முகம் இப்பிடிக் கிடக்குது?”

சொன்னாள். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“பத்துப் பேர்தானே? அதுக்கேன் இவ்வளவு பாடு. நான், அப்பா, சிவாஜினி அன்ரி, அவவின்ர மனுசன், கீழ்வீட்டுப் பெடியள். ஒரு வான் பிடிச்சு வந்திறங்குவம்.”

“அம்மா, யூத ஆக்கள் வேணும்.”

“ஏன், நாங்கள் போய் நிண்டால் சாமி வேண்டாமெண்டு சொல்லுமோ?”

“அது அவையின்ர முறை. அவையின்ர ஆக்கள்தான் ஆமென் சொல்லவேணும்.”

“ஆமென் சொல்ல எங்கட கிளமெண்டுக்கும் தெரியும். ஞாயிறு முழுக்க அவர் அதைத்தானே சொல்லுறார்.”

“அவரும் யூதர் இல்லை அம்மா.”

அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். “அப்ப எங்கட சங்கம் மாதிரித்தான் போல. போன மாசம் நடராசா அண்ணை செத்ததுக்கு எத்தினை பேர் வந்தவை? நாலு பேர். பெட்டி தூக்கினவங்களையும் சேர்த்து. ஆனால் சங்கத்துத் தலைவர் தெரிவு எண்டு சொல்லு பாப்பம். மண்டபம் கொள்ளாது. அடிபடவெண்டால் சனம் சிட்னியிலிருந்தும் வரும்.”

வினுஷா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிஸ்கட் ஞாபகத்துக்கு வந்தது.

“என்னடி?”

“ஒண்டுமில்லை. நீங்கள் சொன்னது சரி.”

“நான் சொன்னது எப்பவும் சரிதான்” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?”

மறுநாள் வினுஷா ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நாடாளுமன்றக் குழுவின் இணையதளம் சமர்ப்பிப்புக்கு இருபது பக்கம் மட்டுமே அனுமதித்திருந்தது. மன்றத்தின் சமர்ப்பிப்பு பத்தொன்பது பக்கம். அதன் சிறுபான்மைக் கருத்துகள் முப்பத்தாறு பக்கம். எதையாவது வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது என்று கேட்பது ஒருங்கிணைப்பாளரின் கடமை. கேட்டாள்.

எல்லா உறுப்பினர்களுக்கும் போன மின்னஞ்சல் மூன்றே வரி. “பக்க வரம்பு காரணமாகச் சமர்ப்பிப்பிலிருந்து சிறுபான்மைக் கருத்துகள் அனைத்தையும் நீக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மன்றத்துக்கு நேரில் வரவும். தொலைபேசி, மின்னஞ்சல், திரை வழி ஆட்சேபங்கள் ஏற்கப்பட மாட்டா.” நிகழ்ச்சிநிரலும் இணைத்திருந்தாள். ஒன்று: மாலைப் பிரார்த்தனையும் ஹெலா வைன்ரப்பின் நினைவுக் காதிஷும். இரண்டு: சிறுபான்மைக் கருத்துகளை ஒழித்தல்.

முதல் விடயத்தை யாரும் படிக்கவில்லை.

எமிலைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “புதன் மாலை வாருங்கள்.”

“எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்?”

“ஒருவரும் இல்லை. எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள்.”

“அப்படியானால் வருகிறேன்” என்றார்.

புதன் மாலை, வானம் சிவக்கத் தொடங்கியபோதே முதல் கார் வந்தது. அதிலிருந்து லெனார்ட் ஒரு கட்டுக் காகிதத்தோடும், ஃபிரீடா அதை மறுக்க இன்னொரு கட்டோடும் இறங்கினார்கள். அதற்குப் பின்னால் முதுகுப் பயிற்சிக்காரர், முதுகு வளையாமல் வந்தார். பேத்தியின் வயலின் கச்சேரியிலிருந்து பேத்தியையும் வயலினையும் பாதியில் இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். நல்லிணக்க இரவு உணவிலிருந்து மூவரும் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். பல வருடமாகச் சந்தா கட்டியும் முகம் காட்டாதவர்கள், ஒருவரையொருவர் பார்த்து நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மனதளவில் வருவதாகச் சொன்ன பிரிஸ்பேன்காரர் விமானத்தில் வந்து இறங்கி, நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்தார்.

ராகவேந்திரா இரண்டாவது கதவையும் திறந்துவிட்டான். “என்னங்க, மறுபடியும் பிஸ்கட்டா?”

“அதைவிடப் பெரிசு” என்றாள் வினுஷா.

மார்கோ அவளைத் தாழ்வாரத்தில் மடக்கினார். முகம் சிவந்திருந்தது. “சிறுபான்மைக் கருத்தை ஒழிப்பதா? அது நம் உயிர்மூச்சு. உப குழுவின் ஒப்புதல் இல்லாமல் இதை எப்படி நீ...”

“உங்கள் ஆட்சேபத்தை உள்ளே பதிவுசெய்யலாம். இரண்டாவது விடயம்.”

“முதல் விடயம் என்ன?”

“உள்ளே வாருங்கள்.”

கூடம் நிறைந்திருந்தது. எல்லோருடைய கையிலும் காகிதம், எல்லோருடைய வாயிலும் ஓர் ஆரம்ப வாக்கியம். எமில் முன்வரிசையில் சலவை செய்த சட்டையோடு தனியாக நின்றிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர், யார் வாயையும் பார்க்கவில்லை. முகம் முகமாகப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

“ஒன்றல்ல. இரண்டல்ல. மூன்றல்ல.”

முதலில் யாருக்கும் என்னவென்று புரியவில்லை. பேச்சு அங்கங்கே அறுந்தது. லெனார்ட் கட்டுக் காகிதத்தை மெல்ல நாற்காலியில் வைத்தார். “எட்டல்ல. ஒன்பதல்ல.” விரல் மார்கோவிடம் வந்து ஒரு கணம் நின்றது. “பத்தல்ல.”

எமில் அங்கே நிறுத்தியிருக்கலாம். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. வரிசை வரிசையாக, பின் சுவர் வரைக்கும், பிரிஸ்பேன்காரர் வரைக்கும் எண்ணிக்கொண்டு போனார். ஹெலா தொலைபேசியில் எழுப்பிய ஆட்களையெல்லாம் ஒரே மாலையில் எண்ணித் தீர்க்கிறவர் போல எண்ணினார். கடைசியில் விரல் வாசலில் நின்ற வினுஷாவிடம் வந்தது. அவள் தான் இல்லை என்று தலையசைத்தாள்.

“அல்ல என்றுதானே சொல்கிறேன்” என்றார் எமில். “முப்பத்தொன்றல்ல.”

ஃபிரீடா புத்தகத்தை எடுத்து மாலைப் பிரார்த்தனையை நடத்தினார். கடைசியில் எமில் காதிஷ் சொன்னார். வினுஷாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதில் சாவு என்ற சொல்லே கிடையாது என்று முன்பு யாரோ சொல்லியிருந்தார்கள். ஓரிடத்தில் அவர் குரல் உடைந்து நின்றது. மொத்தக் கூடமும் அந்த இடத்தில் அவரைத் தாங்கிக்கொள்வதுபோல் ஆமென் என்றது. இவ்வளவு பேர் ஒரு சொல்லை ஒரே நேரத்தில், ஓர் ஆட்சேபமும் இல்லாமல் சொன்னதை அவள் இந்தக் கட்டடத்தில் முதல் தடவை கேட்டாள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் லெனார்ட்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் உட்காரவில்லை. மார்கோவின் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை அவருக்குத் தலைப்பு எதுவும் வரவில்லை.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டாவது விடயம் ஆரம்பித்தது.

மறுநாள் நாடாளுமன்றத்தில் மார்கோ சாட்சியம் சொன்னார். இரவோடு இரவாகத் தலைப்பு வந்துவிட்டிருந்தது. “மாண்புமிகு உறுப்பினர்களே, நேற்று மாலைதான் எங்கள் மன்றம் ‘எவரும் தனியே அழுவதில்லை’ திட்டத்தின் முன்னோடி நிகழ்வை வெற்றிகரமாக நடத்தியது. பத்துப் பேர் பணிக்குழுவின் விரிவான கொள்கைப் பணியின் நேரடி விளைவாக, துக்கத்தில் இருந்த ஓர் அங்கத்தவருக்கு முப்பது பேர் திரண்டார்கள். இதை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தலாம் என்பது எங்கள் பரிந்துரை.”

விசாரணைக் குழு உறுப்பினர் ஒருவர் உண்மையான ஆவலோடு முன்னால் சாய்ந்தார். “மிகவும் கவர்கிறது. தேவாலயங்களில், கோயில்களில் எல்லாம் ஆளே வருவதில்லை என்கிறார்கள். நீங்கள் எந்த வழிமுறையைப் பயன்படுத்தினீர்கள்?”

மார்கோ பக்கத்துக் காகிதத்தைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. பின்வரிசையில் இருந்த வினுஷாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அவர்களிடம் இருப்பது எதையாவது எடுத்துவிடப்போவதாகச் சொல்ல வேண்டும்” என்றாள் வினுஷா. “வருவார்கள்.”

அது பதிவேட்டில் ஏறியது. சமர்ப்பிப்பும் ஏறியது, சிறுபான்மைக் கருத்துகள் முழுவதும் சின்ன எழுத்தில் பின்னிணைப்பாக. நிகழ்ச்சிநிரலில் அனுமதியின்றி முதல் விடயத்தைச் சேர்த்ததற்காக ஒருங்கிணைப்பாளரை மன்றம் ‘கவனிப்பதாக’ அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். கவலைக்கு ஒரு படி கீழே. லெனார்ட் மட்டும் எதிர்த்து எழுதினார். முதல் விடயம்தான் அன்றைக்கு விடயம், மற்றது பேச்சு என்று. ஃபிரீடா அந்தக் கருத்தை மறுக்கவில்லை. அது அவர்கள் திருமணத்தில் நடந்திராத ஒன்று என்று பேசிக்கொண்டார்கள்.

பத்துப் பேர் பணிக்குழு கலைக்கப்படவில்லை. வெற்றியை மதிப்பிட அதற்கு இன்னொரு வருடம் கொடுக்கப்பட்டது.

அடுத்த வாரம் வியாழன் எமில் காலைப் பிரார்த்தனைக்கு வந்தார். அவரோடு மூன்றல்ல. திரும்பிப் போகிறபோது அவள் மேசையருகே நின்றார்.

“அடுத்த வருடம் அவளுடைய நாள் வேறு தேதியில் வரும். எங்கள் நாட்காட்டி அப்படி. பார்த்துச் சொல்கிறேன்.”

“சரி.”

“இந்த வருடம் சிறுபான்மைக் கருத்தை ஒழித்துவிட்டாய். அடுத்த வருடம் எதை ஒழிப்பாய்?”

வினுஷாவுக்குக் களைப்பாக இருந்தது. முன்னால் ஓர் அறிக்கை பாதியில் கிடந்தது. டிராம் நிறுத்தத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவரப்போகிறார்கள்; அதைப் பற்றி மன்றம் ஆழ்ந்த கவலை கொண்டிருந்தது.

“பிஸ்கட்” என்றாள்.

எமில் யோசித்தார். தலையை ஆட்டினார்.

“பிஸ்கட் வேண்டாம். அதை ஹெலாவுக்கு அடுத்து நான் போகும் நாளுக்கு வைத்துக்கொள். எனக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.”